'வளர்ந்து வரும்' என்றொரு அடைமொழி: ஓர் ஆங்கிலச் சொல்லும் நமது திறனாய்வும்

நமது நூல் அறிமுகங்களிலும் அணிந்துரைகளிலும் வெளியீட்டு விழாக்களின் நயவுரைகளிலும் மிக அதிகமாக உழைக்கும் அடைமொழி எது என்று கேட்டால், 'வளர்ந்து வரும்' என்பதே எனத் தயங்காமல் கூறலாம். முதற் கவிதை அச்சேறிய மாணவியும் வளர்ந்து வரும் கவிஞர். ஆறு தொகுதிகளை வெளியிட்டுவிட்டு ஓய்வூதியம் பெற்றுக்கொண்டிருப்பவரும் வளர்ந்து வரும் கவிஞர். ஒரு பிரதேசத்தின் சிறுகதை, ஒரு சமூகத்தின் நாவல், பெண்களின் எழுத்து என எதனைப் பற்றிப் பேச நேர்ந்தாலும் 'இப்போதுதான் முளைவிட்டு வருகிறது' என்ற ஒரு வாக்கியம் எப்படியோ வந்து சேர்ந்துவிடுகிறது. சொல்பவருக்கு இது செலவில்லாத பாராட்டு. கேட்பவருக்கும் மனத்தாங்கல் இல்லை. ஆனால் இவ்வடைமொழி உண்மையில் எதனைத் தெரிவிக்கிறது என்று நாம் நின்று கேட்பதில்லை.

ஆங்கிலத்தில் எழுதப்படும் இலக்கிய வரலாறுகளில் 'நேஸன்ட்' என்றொரு சொல் அடிக்கடி தென்படும். பிறந்துகொண்டிருக்கின்ற, உருவாகத் தொடங்கியிருக்கின்ற என்பது அதன் பொருள். அதனோடு ஒட்டிய பொருளுடைய வேறு நான்கைந்து சொற்களும் அம்மொழியில் உள்ளன. தமிழில் எழுதும்போது அவை அனைத்தையும் 'வளர்ந்து வரும்' என்ற ஒரே கூடைக்குள் நாம் போட்டுவிடுகிறோம். இதனால் நேர்ந்திருப்பது வெறும் மொழிபெயர்ப்புக் குறை மாத்திரமன்று. நேஸன்ட் என்பது காலத்தைக் குறிக்கும் சொல். அதனை நாம் தரத்தைக் குறிக்கும் சொல்லாக்கி, சில வேளைகளில் ஒருவரைத் தாழ்த்தவும் பல வேளைகளில் நம்மையே காத்துக்கொள்ளவும் பயன்படுத்துகிறோம். இக்கட்டுரை கூற விழைவது இதனையே.

முதலில் சொல்லின் வரலாற்றைப் பார்ப்போம். பிறத்தல் எனப் பொருள்படும் 'நாஸ்கி' என்ற இலத்தீன் வினையிலிருந்து இது வந்தது. தேசத்தைக் குறிக்கும் 'நேஷன்', ஓர் இடத்தில் பிறந்தவரைக் குறிக்கும் 'நேட்டிவ்', இயற்கையைக் குறிக்கும் 'நேச்சர்' ஆகியன இதன் உடன்பிறப்புகள். மறுமலர்ச்சி என்று நாம் வழங்கும் 'ரினைஸன்ஸ்' என்பதும் நேர்பொருளில் மறுபிறப்பே. 17ஆம் நூற்றாண்டு தொடக்கம் ஆங்கிலத்தில் இச்சொல் வழங்குகிறது. இலத்தீன் இலக்கணப்படி இது நிகழ்கால எச்சம். நமது இலக்கணத்தில் சொல்வதானால் 'பிறக்கின்ற' என்ற நிகழ்காலப் பெயரெச்சத்துக்கு நிகரானது. 'பிறந்த' என்பதும் இதன் பொருளாகாது. 'பிறக்கப்போகின்ற' என்பதும் ஆகாது. தொடங்கியிருக்க வேண்டும், முடிந்திருக்கக் கூடாது.

'வளர்ந்து வரும்' என்பதை இதனருகே வைத்துப் பாருங்கள். 'வளர்' என்பது வேறு வினை. பிறப்பு ஒரு நிகழ்ச்சி, அதற்கு எல்லையுண்டு. வளர்ச்சிக்கு அத்தகைய எல்லை இல்லை. மேலும், 'வரும்' என்பது 'செய்யும்' என்னும் வாய்பாட்டுப் பெயரெச்சம். அது நிகழ்காலத்துக்கும் எதிர்காலத்துக்கும் பொதுவானது என்பதைப் பாடசாலை இலக்கணத்திலேயே படித்திருக்கிறோம். ஆகவே 'வளர்ந்து வரும் எழுத்தாளர்' என்று ஒருவரை இன்று அழைத்தால், அடுத்த இருபது ஆண்டுகளுக்கும் அப்படியே அழைக்க இலக்கணம் இடம்தருகிறது. நாமும் அந்த அனுமதியை முழுமையாகப் பயன்படுத்துகிறோம்.

அறிவியலில் இச்சொல் எவ்வாறு வழங்கியது என்பது நமக்குப் பயன்தரும். நாகத் துண்டுகளை ஐதான அமிலத்தில் இட்டால் ஐதரசன் குமிழிகளாக வெளிவரும். மஞ்சள் நிறப் பெரிக்குக் குளோரைட்டுக் கரைசலினூடாகச் சாதாரண ஐதரசன் வாயுவைச் செலுத்தினால் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இராது. ஆனால் அதே கரைசலுக்குள் நாகத்தையும் அமிலத்தையும் இட்டால் மஞ்சள் நிறம் மறைந்துவிடும். இத்தகைய வேறுபாட்டை 19ஆம் நூற்றாண்டின் இரசாயனவியலாளர், அந்தக் கணத்தில் பிறக்கின்ற ஐதரசன் ஏலவே பிறந்து சோடி சேர்ந்துவிட்ட ஐதரசனைவிட வீரியம் கூடியது என்று விளக்கினர். அதற்கு 'நேஸன்ட் ஐதரசன்' என்று பெயரிட்டனர். இங்கு கவனிக்கத்தக்கது, இச்சொல் பலவீனத்தைச் சுட்டவில்லை என்பதாகும். புதிதாய்ப் பிறப்பதன் துடிப்பையே அது சுட்டியது. பிற்காலத்தில் அவ்விளக்கம் நிற்கவில்லை. நாகம் நேரடியாக இலத்திரன்களை வழங்குவதே அம்மாற்றத்துக்குக் காரணம் என்று இன்று கொள்கின்றனர். சான்று போனதும் இரசாயனவியல் அச்சொல்லையும் பெரும்பாலும் கைவிட்டது.

உயிரியலில் அது இன்றும் வழக்கில் இருக்கிறது. கலத்தினுள்ளே இறைபோசோம் என்ற நுண்ணுறுப்பில் அமினோ அமிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டுப் புரதச் சங்கிலி உருவாகிறது. அவ்வாறு கோக்கப்பட்டுக்கொண்டிருக்கும் சங்கிலியை நேஸன்ட் சங்கிலி என்பர். இறைபோசோமிலிருந்து கழன்றதும் அப்பெயர் அதற்கில்லை. எப்போது தொடங்கியது, எதனோடு இன்னும் ஒட்டியிருக்கிறது, எப்போது கழலும் என்ற மூன்றும் அங்கே தெளிவு.

இனி, இச்சொல்லின் சுற்றத்தார். 'இன்ஸிப்பியன்ட்' என்பது தலைகாட்டத் தொடங்கும் ஒன்றைக் குறிக்கும். நோய், கலகம், சிதைவு போன்ற விரும்பத்தகாதவற்றோடு அது அதிகம் சேரும். 'இன்கோவேட்' என்பது தொடங்கியும் இன்னும் உருக்கொள்ளாதது. சட்டத்தில், குற்ற முயற்சி, சதி போன்ற முற்றுப்பெறாக் குற்றங்களுக்கு இப்பெயர் உண்டு. 'எம்ப்ரியோனிக்' என்பது கருநிலை. வடிவம் உள்ளே இருக்கிறது, வெளியே தெரியவில்லை. 'ஃப்ளெட்ஜ்லிங்' என்பது இறகு முளைத்து, பறக்கப் பழகும் குஞ்சு. 'பட்டிங்' என்பது அரும்புகின்ற. இது ஆட்களுக்கு உரியது. ஒரு கவிஞரை ஆங்கிலத்தில் அரும்புகின்றவர் என்பார்கள். நேஸன்ட் என்பதோ பெரும்பாலும் இயக்கம், வடிவம், ஜனநாயகம், கைத்தொழில் போன்ற பொருள்களுக்கே வரும். ஆளுக்கு ஒரு சொல்லும் வடிவத்துக்கு வேறொரு சொல்லுமாக அவர்கள் பிரித்து வைத்திருப்பது கவனத்துக்குரியது.

தமிழில் இப்படிப் பிரித்துச் சொல்லச் சொல்லில்லை என்று யாரும் கூற முடியாது. இளமைப் பெயர்களுக்கென்றே தொல்காப்பிய மரபியல் பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என ஒன்பதை வகுத்தது. நமது வளவுக்குள்ளே தென்னைக்குப் பிள்ளை, பனைக்கு வடலி, மாவுக்குக் கன்று, நெல்லுக்கு நாற்று. அரும்பு வேறு, பிஞ்சு வேறு, குரும்பை வேறு. பிள்ளைத்தமிழ் ஒரு குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாகப் பார்த்தது. செய்யிது அனபிய்யாப் புலவரின் நபிநாயகம் பிள்ளைத்தமிழை அறிந்தவர்களுக்கு இது புதிதன்று. செங்கீரைப் பருவத்துக் குழந்தையை நடந்து வரச் சொல்லி எந்தப் புலவரும் பாடவில்லை. அது வருகைப் பருவத்துக்கு உரியது. வானத்தைப் பார்த்தே தலைப்பிறை, வளர்பிறை என்று பிரித்தறிந்தவர்கள் நாம். பதினான்காம் இரவின் நிலவைக் காட்டித் தலைப்பிறை என்று எவரும் சொல்வதில்லை. இத்தனை நுட்பமான மொழி, இலக்கியம் பற்றிப் பேச வந்ததும் ஒரே அடைமொழியில் சுருங்கிப்போவது வியப்புக்குரியது.

பேராசிரியர் சிவத்தம்பியின் 'தமிழில் சிறுகதையின் தோற்றமும் வளர்ச்சியும்' 1967இல் வெளிவந்தது. 'தோற்றமும் வளர்ச்சியும்' என்ற அந்தத் தொடர் நமது ஆய்வுத் தலைப்புகளில் நிலைபெற்றுவிட்டது. தோற்றம் ஒரு புள்ளி, வளர்ச்சி ஒரு நெடுவழி. இரண்டுக்கும் இடையில் ஒரு குறுகிய கட்டம் உண்டு: வடிவம் வந்துவிட்டது, ஆனால் எதிலிருந்து வந்ததோ அதனோடு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நேஸன்ட் என்ற சொல் அந்தக் கட்டத்துக்கு உரியது.

இதற்கு நல்ல உதாரணம் நம்மிடமே உண்டு. சித்திலெப்பையின் 'அசன்பேயுடைய கதை' 1885இல் வெளிவந்தது. தமிழின் முதல் நாவல் எனப்படும் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' 1879இல் வெளிவந்து ஆறே ஆண்டுகள் ஆகியிருந்தன. எகிப்திய உயர்குடியில் பிறந்து, குழந்தையிலேயே கடத்தப்பட்டு, இந்தியாவில் வளர்ந்து, தன் பிறப்பை அறிந்து மீளும் ஒருவனின் கதை அது. தொலைந்த பிள்ளை திரும்பக் கிடைக்கும் பழங்கதையின் எலும்புக்கூடு அதற்குள் துலக்கமாகத் தெரிகிறது. ஆயினும் அதன் மேல் உரைநடை, சமகால நகரங்கள், கல்வியால் உயரும் மனிதன் என்ற புதிய தசை வளர்ந்திருக்கிறது. புரதச் சங்கிலி இறைபோசோமில் ஒட்டியிருப்பதுபோல, நாவல் இங்கே பழங்கதையோடு ஒட்டியபடியே பிறந்துகொண்டிருக்கிறது. இதனை நேஸன்ட் நாவல் என்றால் அது பொருந்தும்; வசையும் ஆகாது. 1838இல் பிறந்த சித்திலெப்பைக்கு அப்போது ஏறத்தாழ 47 வயது. சட்டம் கற்றவர், 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கியவர். ஆள் முதிர்ந்தவர், வடிவமே பிறந்துகொண்டிருந்தது. இவ்விரண்டையும் பிரிக்காமல் அவரை 'ஆரம்பகால எழுத்தாளர்' என்று ஒரே வார்த்தையில் தாண்டிச் செல்வோர், அவரையும் வாசிக்கவில்லை, அவர் கையாண்ட வடிவத்தையும் வாசிக்கவில்லை.

மஹாகவியின் 'குறும்பா' இன்னோர் உதாரணம். எம்.ஏ. ரஹ்மானின் அரசு வெளியீடாக 1966இல் அது வந்தபோது மஹாகவி ஏறத்தாழ நாற்பது வயதை எட்டியிருந்தார். யாப்பில் தேர்ந்த கை. ஆங்கிலத்தின் ஐந்தடி நகைப்பா தமிழில் அப்போதுதான் உருப்பெற்றது. இதற்கு மறுதலையும் உண்டு. ஒரு பதினெட்டு வயது மாணவன் இன்று வெண்பா எழுதினால், அவன் அரும்புகின்றவன்; வடிவமோ ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் பழையது. அவன் பிழைவிட்டால் வெண்பாவின் இளமையைக் காரணம் காட்ட முடியாது.

ஆங்கிலத் திறனாய்வாளர் ரேமண்ட் வில்லியம்ஸ் 1977இல் வெளியிட்ட 'மார்க்ஸிஸமும் இலக்கியமும்' என்ற நூலில், ஒரு பண்பாட்டில் ஆதிக்கம் செலுத்துவது, எஞ்சி நிற்பது, புதிதாக எழுவது என மூன்றைப் பிரித்தார். அவரது எச்சரிக்கை முக்கியமானது: வெறுமனே புதுமையாகத் தோன்றுவது வேறு, உண்மையில் புதிதாக எழுவது வேறு, ஆதிக்கப் பண்பாடு தன் சட்டையை மாற்றிக்கொள்வதும் புதுமைபோலவே தெரியும். 'புதிய அலை' என்று ஒரு தொகுதியை வரவேற்கும் முன் நாம் கேட்கவேண்டிய கேள்வி இதுவே. பழைய உணர்வைப் புதிய அச்சுக்கோப்பில் தருவது பிறப்பாகாது.

இப்போது இச்சொல்லின் முதலாவது துஷ்பிரயோகத்துக்கு வருவோம். 'முஸ்லிம்களின் தமிழ் இலக்கியம் இப்போதுதான் அரும்பி வருகிறது' என்ற வாக்கியத்தை வெளியாரும் எழுதுகின்றனர், நம்மவரும் எழுதுகின்றனர். வண்ணப்பரிமளப் புலவரின் 'ஆயிர மசலா' 1572ஆம் ஆண்டுக்குரியது. அதன் பின்னர் உமறுப் புலவரின் சீறாப்புராணம் வந்தது. இலங்கையில் அசன்பேயுடைய கதை வெளிவந்தே 140 ஆண்டுகளாகின்றன. நாலரை நூற்றாண்டுகளாக அரும்பிக்கொண்டே இருக்கும் பூ எங்கும் இல்லை. வரலாற்றை அறியாமல் எழுதும் இவ்வாக்கியம், அறிந்தோ அறியாமலோ ஒரு படிநிலையை நிறுவிவிடுகிறது: மற்றவர்களுடையது இலக்கியம், உங்களுடையது இலக்கியமாக முயல்வது.

ஆனால் இவ்வரலாற்றைக் காட்டிப் பெருமைப்படுவதோடு நிறுத்திக்கொள்வதும் பிழை. பழைமை காலத்தைக் காட்டுமேயன்றித் தரத்தைக் காட்டாது. 1572ஐச் சொல்லிக் கடந்த மாதம் வந்த தொகுதியைப் பாராட்ட முடியாது. அவ்வாறே, நீண்ட மரபுக்குள்ளும் ஒரு குறிப்பிட்ட எழுத்துவகை புதிதாகப் பிறக்கலாம். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டனர். அந்த அனுபவத்திலிருந்து எழுந்த கவிதைகளையும் கதைகளையும் 1990களில் பிறந்துகொண்டிருக்கும் எழுத்து என்று கூறியிருந்தால், அது சரியான சொல். சொல்ல வேண்டியது இருந்தது, சொல்லும் முறை இன்னும் கைவரவில்லை. மூன்று தசாப்தங்களுக்கு மேல் கடந்துவிட்டன. இடம்பெயர்ந்த முகாமில் பிறந்த குழந்தைக்கு இன்று பாடசாலை செல்லும் பிள்ளைகள் இருப்பர். அவ்வெழுத்தை இன்றும் முளையென்று தட்டிக்கொடுப்பது, அது சொல்லும் இழப்பை முழு எடையுடன் எதிர்கொள்ள மறுப்பதாகும். அதற்கு இன்று தேவை தட்டிக்கொடுப்பன்று, நூல் நூலாக எடுத்து வைத்து நிகழ்த்தும் வாசிப்பு.

இரண்டாவது துஷ்பிரயோகம் நமக்குள்ளேயே இருப்பது. 'வளர்ந்து வரும்' என்ற அடைமொழி ஒரு குடை. அதன் கீழ் எழுத்தாளருக்கும் மழைபடாது, விமர்சகருக்கும் மழைபடாது. பொருளியலில் இதற்கு நிகரான ஒரு வாதம் உண்டு. பிறந்துகொண்டிருக்கும் உள்நாட்டுக் கைத்தொழிலை வெளிநாட்டுப் போட்டியிலிருந்து தீர்வை விதித்துக் காக்கவேண்டும் என்பது அது. 1791இல் அமெரிக்காவில் அலெக்ஸாண்டர் ஹமில்ட்டன் இதனை வலியுறுத்தினார். 1848இல் ஜோன் ஸ்டூவர்ட் மில் இதற்கு இடம்கொடுத்தார். ஆனால் அக்காப்பு தற்காலிகமானதாயும், அக்கைத்தொழில் சிறிது காலத்தில் தன் காலில் நிற்கும் என்ற நியாயமான எதிர்பார்ப்பு உள்ளதாயும் இருக்கவேண்டும் என நிபந்தனை வைத்தார். முடிவுத் திகதி இல்லாத காப்பினால் கைத்தொழில் வளராது. காப்பை நீடிக்கச் செய்யும் திறமையே வளரும். நமது அணிந்துரைகள் முடிவுத் திகதி இல்லாத காப்பையே வழங்கிவருகின்றன. முதல் தொகுதியில் 'சில குறைகள் இருப்பினும் வளர்ந்து வருபவர் என்பதால் பொறுத்துக்கொள்ளலாம்' என்ற வாக்கியம், ஐந்தாம் தொகுதியிலும் ஒரு சொல் மாறாமல் அச்சாகிறது. குறைகள் எவை என்று ஐந்து தொகுதிகளிலும் எழுதப்படவில்லை. எழுதாத குறையை எப்படித் திருத்துவது?

'கடுமையாக விமர்சித்தால் இளம் எழுத்தாளர்கள் எழுதுவதையே விட்டுவிடுவார்கள். வாசகர் குறைந்த சூழலில் ஊக்கமே முக்கியம்' என்று இதற்கு மறுமொழி கூறப்படும். இதில் உண்மை உண்டு. முந்நூறு பிரதிகளைச் சொந்தச் செலவில் அச்சிட்டு, அவற்றைக் கையில் சுமந்து விற்கும் ஒருவரிடம் உலக இலக்கிய அளவுகோலை நீட்டுவது மனிதத்தன்மையன்று. ஆனால் நாற்றுமேடையைத் தெரிந்தவர்கள் நாம். நாற்றுக்கு நிழலும் ஈரமும் வேண்டும். அதனை மறுப்பவன் கமக்காரன் அல்லன். அதே கமக்காரன் உரிய நாளில் நாற்றைப் பிடுங்கி வயலில் நடுகிறான். பிடுங்கும்போது வேர் அறுகிறது, இரண்டொரு நாள் வாடுகிறது. பாவமென்று மேடையிலேயே விட்டுவைத்தால் நாற்று முற்றிப்போகும். பிறகு நட்டாலும் வேண்டிய அளவு கிளை வெடிக்காது. ஊக்கம் என்பது மேடைக்கு உரியது, விமர்சனம் என்பது வயலுக்கு உரியது. முன்னதைச் செய்தவருக்குப் பின்னதைச் செய்யும் கடமையும் உண்டு.

ஒப்படைகளைத் திருத்தும் ஆசிரியர்களுக்கு இது தெரிந்ததே. 'நன்று, இன்னும் முயல்க' என்று மட்டும் எழுதினால் பிள்ளை மகிழ்ச்சியோடு கொப்பியை மூடிவிடும். 'மூன்றாம் பந்தியில் சொன்னதையே ஐந்தாம் பந்தியிலும் சொல்லியிருக்கிறாய்' என்று எழுதினால் முகம் சற்றுக் கோணும். ஆனால் அடுத்த கட்டுரையில் அப்பிழை இராது. இரண்டாவது குறிப்பை எழுத அக்கட்டுரையை முழுமையாக வாசித்திருக்க வேண்டும். முதலாவதை எழுத அது தேவையில்லை. 'வளர்ந்து வரும்' என்ற அடைமொழியின் கவர்ச்சியில் பெரும்பகுதி இந்தச் சௌகரியம்தான்.

ஆகவே இச்சொல்லை ஒதுக்கிவிடவேண்டும் என்று நான் கூறவில்லை. எழுதுமுன் மூன்று கேள்விகளைக் கேட்டால் போதும். பிறந்துகொண்டிருப்பது ஆளா, வடிவமா, ஒரு சமூகத்தின் எழுத்தா? ஆளாயின் அரும்புகின்றவர் என்று சொல்வோம்; வடிவமாயின் எதிலிருந்து பிறக்கிறது என்று காட்டுவோம். இரண்டாவது, பிறப்பின் ஆண்டைச் சொல்ல முடியுமா? முடியாதாயின் சொல்லப்படுவது வரலாறன்று, உபசாரம். மூன்றாவது, இவ்வடைமொழி எப்போது காலாவதியாகும்? இரண்டாவது நூலோடா, பத்தாவது ஆண்டோடா? அதை எழுதுபவர் மனத்துக்குள்ளாவது தீர்மானித்திருக்க வேண்டும்.

அடுத்த முறை ஒரு நூலுக்கு அணிந்துரை கேட்டு ஓர் எழுத்தாளர் வரும்போது, இந்த அடைமொழியை எடுக்காமல் முதற் பந்தியை எழுதிப் பார்க்கலாம். அவருடைய எந்தக் கதை நின்றது, எது விழுந்தது, ஏன் விழுந்தது என்று எழுத வேண்டி வரும். அது நீளமான வேலை. அந்த வேலைக்குத்தான் விமர்சனம் என்று பெயர்.